வாசகர் கூட்டத்துக்கு எந்த நூலகம்?

சென்னையில் புத்தகம் பற்றிப் பேச நாலு பேர் சேர்ந்துவிட்டால் உடனே இடப் பிரச்சினை வந்துவிடும். நூலகத்தில் கேட்கலாம் என்று முடிவெடுத்தாலும், எந்த நூலகம் என்பது பாக்கி. முதலில் வரக்கூடியவர்களை எண்ணிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியவர்களில் பாதிப் பேர் வந்தாலே அதிகம்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின்மேல் எல்லோருக்கும் ஆசை. 2010-இல் திறந்த அந்தக் கட்டடத்தின் பெரிய அரங்கில் 1,280 இருக்கைகள். முப்பது பேர் போய் உட்கார்ந்தால் பேச்சாளர் காலி நாற்காலிகளிடம்தான் பேச வேண்டும். 151 பேருக்கும் 30 பேருக்குமாகச் சிறிய கூட்ட அறைகளும் அங்கே உண்டு. அந்த நூலகம்தான் வேண்டுமென்றால் அவற்றைக் கேளுங்கள்.

அண்ணா சாலையின் தேவநேயப் பாவாணர் நூலகம், பழைய ஆட்களுக்கு எல்.எல்.ஏ. கட்டடம், நூல் வெளியீட்டுக்குப் பழகிய இடம். எந்தப் பக்கமிருந்தும் பஸ் உண்டு. பொன்னாடைக்கும் வாழ்த்துரைக்கும் பொருத்தம். ஆனால் மேடையும் மைக்கும் வந்துவிட்டால் உரையாடல் போய் உரை மட்டும் மிஞ்சும்.

மாதாமாதம் கூடுவதானால் என் ஓட்டு கிளை நூலகத்துக்கே. பெரும்பாலும் தனி அறை கிடைக்காது. நாளிதழ் மேசையைச் சுற்றித்தான் உட்கார வேண்டும். அங்கே ஏற்கெனவே வாசகர் வட்டம் இருந்தால் அதிலேயே சேர்ந்துகொள்ளுங்கள், அனுமதி வாங்கும் அலைச்சல் குறையும். இல்லையென்றால் மாவட்ட நூலக அலுவலருக்கான கடிதத்தை நூலகர் வழியாகக் கொடுங்கள். கட்சி, சாதி, விற்பனை என்ற வாடையே அதில் வரக்கூடாது. வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை என்பதால் ஞாயிறு தோது.

சொத்துவரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே என்று நூலகரிடம் வாதாடாதீர்கள். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது உண்மைதான். ஆனால் உங்கள் விவாதம் நீண்டால் சாவியோடு காத்திருக்கப்போகிறவர் அவர்.

அதைவிட முக்கியம், போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகள். வீட்டில் இடமில்லாமல்தான் பலர் அங்கே வருகிறார்கள். எந்த நேரத்தில் அவர்கள் குறைவு என்று நூலகரிடமே கேட்டு அந்த நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். எந்நேரமும் நிரம்பி வழியும் கிளை என்றால் வேறு கிளை பாருங்கள்.

எங்கே வைத்தாலும் முன்கூட்டியே போய்க் கழிப்பறையைப் பார்த்துவிடுங்கள். முதல் கூட்டத்துக்கு வந்த பெண்கள் இரண்டாவதற்கு வராமல் போவதற்குப் பல நேரம் அதுதான் காரணம்.