பழைய எஞ்சினும் புதிய டிஸ்ட்ரிபியூட்டரும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஐதராபாத்தின் வடகிழக்கே உள்ள மௌலா அலி, ரயில்வேயின் டீசல் லோகோ ஷெட்டால் அறியப்பட்ட பகுதி. டீசல் எஞ்சினில் அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்ற வைத்துவிடுவதால் அங்கே டிஸ்ட்ரிபியூட்டருக்கு வேலையில்லை. அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சின், பிரீமியர் பத்மினியின் 1089 சிசி எஞ்சின் போன்ற பெட்ரோல் எஞ்சின்களிலோ, காயிலில் பிறக்கும் உயர் மின்னழுத்தத்தை உரிய தருணத்தில் உரிய பிளக்குக்கு அனுப்புவது அதுவே. அண்மைக் காலமாக அதனிடத்தில், கணினி அல்லது கைபேசி வழியாக டைமிங்கை எண்களாகப் பதிவு செய்துகொள்ளும் மின்னணு டிஸ்ட்ரிபியூட்டர்கள் பொருத்தப்படுவதையொட்டிச் சில நம்பிக்கைகளும் பரவியுள்ளன.

நம்பிக்கை: பொருத்திய உடனே எஞ்சினின் சக்தி கூடிவிடும்.

உண்மை: கூடுவதாகத் தோன்றுவது பெரும்பாலும் தேய்மானத்தால் இழந்த சக்தி திரும்பி வருவதே. பழைய அமைப்பில் சுமார் 0.4 மில்லிமீட்டர் இடைவெளியில் திறந்து மூடும் பாயிண்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறுகி, பொறி தாமதமாகிறது. வேகத்துக்கேற்பப் பொறியை முன்னதாக்கும் எடைகளின் ஸ்பிரிங்குகளும் நாளடைவில் தளர்ந்துவிடுகின்றன. இவை இரண்டும் இல்லாததால் மின்னணுக் கருவியின் டைமிங் எளிதில் மாறுவதில்லை. ஆனால் டைமிங் செயினின் தளர்வையோ, வால்வு கசிவால் குறைந்த கம்ப்ரஷனையோ அது சரிசெய்யாது. ஆகவே அவற்றைச் சோதித்த பின்னரே செலவைப் பற்றி எண்ணுவது முறை.

நம்பிக்கை: உள்ளே மைக்ரோபிராசசர் இருப்பதால் சரியான டைமிங்கை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

உண்மை: எஞ்சின் தட்டுகிறதா என்பதை, அதாவது நாக்கிங்கை, உணரும் சென்சார் இத்தகைய கருவிகளில் பொதுவாக இல்லாததால், எழுதிக் கொடுத்த எண்களையே அவை பின்பற்றுகின்றன. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் கிராங்க் ஷாஃப்ட் ஒரு மில்லிவினாடிக்குள் 18 பாகை திரும்பிவிடுவதால், எரிதலுக்கு வேண்டிய நேரத்தைக் கணக்கிட்டுப் பொறியை முன்கூட்டியே தர வேண்டியுள்ளது. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க்கின் பாதி வேகத்திலேயே சுழல்வதால், எண்கள் எதன் பாகையைக் குறிக்கின்றன என்பதைக் கவனிக்காவிட்டால் அளவு இருமடங்காகிவிடும். மேலும், கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேலுள்ள ஐதராபாத்தில் காற்றழுத்தம் சென்னையைவிடச் சுமார் 6 விழுக்காடு குறைவு என்பதால் பொறியின் சிறிது கூடுதல் முன்னேற்றத்தை (அட்வான்ஸை) எஞ்சின் தாங்கக்கூடும் என்றாலும், மே மாத வெயில் அதற்கு நேரெதிராக நாக்கிங்கைத் தூண்டும். எனவே முன்னேற்றத்தைக் குறைவாக வைத்துத் தொடங்கி, டைமிங் லைட்டால் சரிபார்த்துக்கொண்டே சிறிது சிறிதாக உயர்த்துவதே பாதுகாப்பானது.

நம்பிக்கை: எந்தக் காயிலும் பொருந்தும்.

உண்மை: 12 வோல்ட்டில், முதன்மைச் சுற்றின் மின்தடை 3 ஓமாக இருந்தால் அதன் வழியே 4 ஆம்பியர் வரை பாயும், 1.5 ஓமானால் அது 8 ஆம்பியரைத் தொட்டு, காயிலையும் கருவியின் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டரையும் சூடேற்றிக் கெடுத்துவிடலாம். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்புகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே பாடியோடு இணைக்கப்பட்டிருந்ததால், கருவி எந்த முனையமைப்புக்கு உரியது என்பதையும் உறுதிசெய்த பின்னரே இணைக்க வேண்டும்.

நம்பிக்கை: கோடையில் வண்டி நின்றுபோகும் தொல்லை இதோடு தீர்ந்துவிடும்.

உண்மை: கன்டென்சரோ காயிலோ சூட்டில் பழுதாகி வண்டி நிற்பதுண்டு என்றாலும், சைலன்சர் பைப்புக்கு அருகே செல்லும் குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும் வேப்பர் லாக்கும் அதே அறிகுறியையே காட்டும். நின்ற வண்டியில், பெட்ரோல் கசிவோ வாடையோ இல்லாத நிலையில், ஒரு பிளக்கைக் கழற்றி ஒயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சினைத் தொடும்படி வைத்து செல்ஃப் அடிக்கையில் நீலப் பொறி வலுவாகப் பாய்ந்தால், கோளாறை எரிபொருள் பக்கமே தேட வேண்டும்.

நம்பிக்கை: பொருத்திவிட்டால் பழைய வண்டியின் மதிப்பு போய்விடும்.

உண்மை: 50 ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கான 2021ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள், அவை மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்றும், சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்றும் கூறுகின்றன. கிளாம்பைத் தளர்த்தினாலே கழன்றுவரும் டிஸ்ட்ரிபியூட்டர், பிளாக்கில் துளையோ வெட்டோ இன்றி மாற்றத்தக்கது. எனினும் விதியைப் பொருத்திப் பார்ப்பது பதிவு அதிகாரியின் பொறுப்பாதலால், கழற்றிய பழைய டிஸ்ட்ரிபியூட்டரைக் கேப், ரோட்டரோடு சேர்த்துப் பத்திரப்படுத்தி, பதிவுக்கு முன் கேட்டுத் தெளிந்துகொள்வது உரிமையாளருக்கு நல்லது.