திருப்புட்குழியிலிருந்து உயிரியல் பூங்காவுக்கு: முதல்முறை போகும் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

காஞ்சிபுரத்துப் பக்கம் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரு பட்டியல் தயாராகும்: காலையில் வண்டலூர், மதியம் கிண்டி பாம்புப் பண்ணை, சாயங்காலம் மீன் காட்சியகம், இருட்டுவதற்குள் மெரினா. இந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுவதுதான் முதல் வேலை. ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். இரண்டு இடம் என்று கிளம்புகிறவர்கள் இரண்டையும் சரியாகப் பார்ப்பதில்லை. பாதி நாள் சாலையிலும் மீதி நாள் டிக்கெட் வரிசையிலும் போய்விடும்.

படி 1: நாள் குறிப்பது

தறி வைத்திருக்கும் வீடுகள் பலவற்றில் அமாவாசைக்கு வேலை இருக்காது. குடும்பத்தோடு கிளம்ப வசதியான நாள்தான். ஆனால் அந்த அமாவாசை செவ்வாய்க்கிழமையில் வருகிறதா என்று நாட்காட்டியைப் பாருங்கள். வண்டலூர் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை மூன்றுக்கும் செவ்வாய் வார விடுமுறை. கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை. இதைப் பார்க்காமல் போய்ப் பூட்டிய கேட்டின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பும் குடும்பங்கள் உண்டு. காணும் பொங்கலன்று வண்டலூர் போவதைவிட வீட்டிலேயே இருந்துவிடலாம். அன்று மனிதத் தலைகளைத்தான் பார்க்க முடியும்.

மாதம் என்றால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. மே மாதத்தில்தான் போக முடியும் என்றால் வாசல் திறக்கும்போது உள்ளே நுழைந்து, உச்சிவெயிலுக்கு முன் வெளியே வந்துவிட வேண்டும்.

படி 2: வயதுக்கு ஏற்ற இடம்

ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கிண்டி சிறுவர் பூங்கா. சிறிய இடம், அதிகம் நடக்க வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு வண்டலூர். பத்து வயதைத் தாண்டி, கேள்வி கேட்கும் பிள்ளை என்றால் முதலைப் பண்ணை. வெயில் தாங்காத பெரியவர்கள் உடன் வந்தால் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள வி.ஜி.பி. மரைன் கிங்டம் மீன் காட்சியகம். கண்ணாடிச் சுரங்கத்துக்குள் நடக்கும்போது தலைக்குமேல் மீன்கள் போகும், குளிர்சாதன வசதியும் உண்டு. அரசுப் பூங்காக்களை விடக் கட்டணம் அதிகம். அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு போங்கள்.

படி 3: போகும் வழி

சொந்த வண்டி என்றால் காஞ்சிபுரம், வாலாஜாபாத், ஒரகடம், படப்பை, மண்ணிவாக்கம் வழியாக நேரே வண்டலூர். ஒரகடத்தில் தொழிற்சாலை ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனிப் பேருந்துகள் சாலையை அடைத்துக்கொள்ளும். விடியலிலேயே அந்த இடத்தைத் தாண்டிவிடுவது நல்லது. ரயில் என்றால் பாலுசெட்டி சத்திரத்தில் பஸ் ஏறிக் காஞ்சிபுரம் போய், செங்கல்பட்டு வழியாகச் சென்னை கடற்கரைக்குப் போகும் வண்டியைப் பிடிக்கலாம். வண்டலூரில் நிற்கும். பிள்ளைகளுக்கு அந்தப் பயணமே பாதித் திருவிழா.

படி 4: வண்டலூருக்குள் எப்படிப் பார்ப்பது

இந்தப் பூங்காவின் வயது பலருக்குத் தெரியாது. 1855-இல் எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கிவைத்த விலங்குக் கூடம்தான் இதன் வேர். பிறகு சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க்கில் நெடுங்காலம் இருந்தது. நகரம் நெருக்கவே வண்டலூர்க் காட்டுக்கு மாற்றி, 1985-இல் திறந்தார்கள். இன்று 602 ஹெக்டேர். அதை முழுக்க நடந்து பார்க்க நினைக்காதீர்கள்.

உள்ளே போனதும் பேட்டரி வண்டிக்கும் சிங்க உலாவுக்கும் டிக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். நேரமாக ஆக வரிசை நீளும். சிறு பிள்ளைகளும் தாத்தா பாட்டியும் இருந்தால் பேட்டரி வண்டி ஆடம்பரம் அல்ல, தேவை.

புலி, சிங்கம், கரடிகளைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். வெயில் ஏறினால் புதருக்குப் பின்னால் போய்ப் படுத்துவிடும். இங்கே பல விலங்குகள் கம்பிக் கூண்டில் இல்லை. அகழிக்கு அப்பால் மரமும் புதருமாக விட்ட இடத்தில் இருக்கின்றன. அதனால் போனவுடன் கண்ணில் படாது. 'புலி இல்லை, வா' என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு அடுத்ததற்கு ஓடுவதுதான் நம் வழக்கம். அதே இடத்தில் கால் மணி நேரம் நில்லுங்கள். காது அசையும், வால் அசையும், எழுந்து தண்ணீர் குடிக்க வரும். ஐந்து விலங்கை இப்படிப் பார்த்தவர், ஐம்பதை எண்ணிக்கொண்டு ஓடியவரை விட அதிகம் பார்த்தவர்.

பட்டுச் சேலைக் கரையில் மயில், அன்னம், யாளி பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம்முடையவை. இவற்றில் எது உண்மையில் உண்டு, எது நெசவுக்காரர் கற்பனை என்று முந்தின இரவே கேட்டுவையுங்கள். பறவைக் கூடத்துக்குள் போகும்போது தாமாகத் தேடத் தொடங்குவார்கள்.

படி 5: செய்யக்கூடாதவை

வேர்க்கடலை வீசுவது, கல்லெறிவது, கூச்சல் போடுவது, குப்பை போடுவது இவை வெறும் ஒழுங்கீனம் மட்டுமல்ல. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவு, உயிரியல் பூங்காவில் இவற்றைத் தடை செய்கிறது. பிளாஸ்டிக் பைக்குப் பதில் துணிப் பை. புளியோதரையை வாழையிலையில் கட்டுங்கள். குரங்குகள் சுற்றும் இடத்தில் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம்.

படி 6: முதலைப் பண்ணை

மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இருக்கிறது. ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கர், ஸாய் விட்டேக்கர் உள்ளிட்டோர் 1976-இல், அழிந்துகொண்டிருந்த இந்திய முதலை வகைகளைக் காப்பாற்றத் தொடங்கியது. முதலை மணிக்கணக்கில் வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும். பொம்மை என்று நினைத்துப் பிள்ளைகள் கல் எடுப்பார்கள். உடல் சூட்டைக் குறைக்கத்தான் வாயைத் திறந்து வைத்திருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், கல் கீழே விழும்.

அந்த வளாகத்திலேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து, விஷமுறிவு மருந்து தயாரிக்கக் கொடுக்கிறார்கள். வயல் பக்கத்து மக்கள் தவறாமல் பார்க்க வேண்டிய இடம் இது.

படி 7: கூண்டே இல்லாத இடம்

என்னைக் கேட்டால், திருப்புட்குழிக்காரர்கள் முதலில் போக வேண்டியது வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்கு. உத்திரமேரூர் வழியாகப் போகலாம். நவம்பரிலிருந்து மார்ச் வரை, ஏரியில் தண்ணீர் இருக்கும் ஆண்டாகப் பார்த்துப் போங்கள். 30 ஹெக்டேர் ஏரிதான். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் என்று மரமெல்லாம் கூடு. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று கண்டு ஊரார் தலைமுறைகளாகக் காத்த இடம். 1798-இலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் காப்பு ஆணை பெற்றிருக்கிறார்கள். மாலை 4 மணிக்குக் கரையில் உட்காருங்கள். இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். இருநோக்கி ஒன்று இரவல் கிடைத்தால் எடுத்துப் போங்கள்.

படி 8: கிளம்பும் முன், நம் ஊரில்

விஜயராகவப் பெருமாள் கோயிலில், கழுகரசன் ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, ஜடாயு தீர்த்தத்தைக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். முதலைப் பண்ணைக்குச் செங்கல்பட்டு வழியாகப் போனால் திருக்கழுக்குன்றம் வரும். நண்பகலில் மலைமேல் வந்து பிரசாதம் தின்ற கழுகுகள் இப்போது அங்கே வருவதில்லை. நாடு முழுக்கப் பிணந்தின்னிக் கழுகுகள் சரிந்ததற்கு முக்கியக் காரணம், மாடுகளுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி. அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். கால்நடைகளுக்கு அதைப் போடுவது 2006 முதல் தடை. உங்கள் வீட்டு மாட்டுக்கு ஊசி தேவைப்படும் நாளில், கழுகுக்குக் கேடில்லாத மெலாக்சிகாம் போடச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.