60 நாள் கெடு தாண்டிவிட்டதா?

ஜவ்வாது மலையிலிருந்து வேலைக்குப் போன இடத்தில் விபத்து. இழப்பீடு கேட்ட மனுவைத் தொழிலாளர் துணை ஆணையர் தள்ளுபடி செய்துவிட்டார் என்றால், 60 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவில் முக்கியமான சட்டப் பிழை இருக்க வேண்டும். சான்றிட்ட நகலுக்கு உடனே எழுதிக் கொடுங்கள். நகல் தயாராகும் நாட்கள் கணக்கில் சேராது.

கெடு தாண்டினாலும் மனம் தளர வேண்டாம். தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனு போடலாம். ‘விவரம் தெரியவில்லை’ என்பது மட்டும் போதாது. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, உத்தரவு வந்த, தபால் முத்திரை பதிந்த உறை போன்றவைதான் பேசும். அந்த உறையைத் தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள்!

பழங்குடியினருக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வக்கீல் உண்டு. திருவண்ணாமலை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள்.