நம்பிக்கைகளும் உண்மைகளும்: சம்பளச் சீட்டும் உபகாரச் சம்பளமும்

“அப்பா கம்பெனியில் இருக்கிறார், நமக்கு ஸ்காலர்ஷிப் எல்லாம் வராது” என்னும் பேச்சு, ஓசூர்ப் பக்கத்திலே பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் கோடைதோறும் எழுவது. சிப்காட் தொழிற்பேட்டை தோன்றி, அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்த காலம் தொட்டு, ராகியும் கொள்ளும் விளைந்த இந்த எல்லைச்சீமையின் குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் என்பது ஒரு கௌரவமாக நிலைபெற்றுவிட்டது. அந்தக் கௌரவமே, சர்க்காரிடம் உரிமையோடு கேட்டுப் பெறத்தக்க உதவிகளைக் கேளாமலே விட்டுவிடுவதற்கும் ஒரு காரணமாயிற்று என்பது எனது அபிப்பிராயம்.

தகப்பனாரின் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிவிட்டால் எல்லாக் கதவுகளும் அடைபட்டுவிடும் என்பதே இந்நம்பிக்கைகளுள் பிரதானமானது. உண்மை யாதெனில், அப்படிப்பட்ட ஒரே வரம்பு எங்கும் கிடையாது. 1944இல் தொடங்கி இன்றளவும் நடைபெற்றுவரும் ஆதிதிராவிட மாணவர்க்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படலாகாது. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்க்கான உதவித்தொகைக்கும் இப்பொழுது அதே வரம்புதான். ஆனால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் கல்விக் கட்டண விலக்கு இடங்களுக்கோ அது 8 லட்சம். 2010இல் வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிக் கட்டணச் சலுகைக்கு வருமான வரம்பே இல்லை. குடும்பத்தில் அதற்கு முன் எவரும் பட்டம் பெற்றிருக்கலாகாது, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்திருக்க வேண்டும், அவ்வளவே. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பயின்று மேற்படிப்பில் சேரும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டமும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் அளிக்கின்றன. முன்னது 2022இலும் பின்னது 2024இலும் தொடங்கியவை. இவையும் தகப்பனாரின் சம்பளத்தைக் கேட்பதில்லை. அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 2021 முதல் வழங்கப்படும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் இடம் பெற்றவரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அங்கும் சம்பளம் குறுக்கே நிற்பதில்லை. தகப்பனார் பர்மனென்ட் தொழிலாளி என்பதனால் மட்டும் ஒரு பிள்ளை இவற்றை இழக்க வேண்டிய அவசியம் எள்ளளவும் இல்லை.

வரம்புள்ள திட்டங்களில், வரம்புக்குக் கீழிருப்பவர் ஏழை, மேலிருப்பவர் வசதியுள்ளவர் என்பது இரண்டாவது நம்பிக்கை. 2.5 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 20,833 ரூபாய் வருகிறது. சூளகிரியிலிருந்து நாள்தோறும் கம்பெனி பஸ் ஏறிச் செல்லும் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி மாதம் 18,000 ரூபாய் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,16,000 ஆகிறது, மகளுக்கு உதவித்தொகை உண்டு. அவரே, மகளின் விடுதிச் செலவுக்கென்று இரவு ஷிப்டும் ஓ.டி.யும் பார்த்து மாதம் 21,500 கொண்டுவந்தால் ஆண்டுக் கணக்கு 2,58,000 ஆகிவிடுகிறது. வரம்புக்கு மேற்பட்ட அந்த 8,000 ரூபாய்க்காக உதவித்தொகை முழுவதும் போய்விடுகிறது. எந்த மகளுக்காக அவர் கண்விழித்தாரோ, அந்த மகளின் உதவியையே அக்கண்விழிப்பு பறித்துவிடுவது எவ்வளவு பெரிய அநியாயம்! தாயாரும் மாங்கூழ்த் தொழிற்சாலையில் பருவ வேலைக்குப் போகிறவரானால் அந்தக் கூலியும் சேர்த்தே கணக்கிடப்பட வேண்டியது. சம்பளச் சீட்டில் ஒவ்வொரு ரூபாயும் அச்சாகி நிற்கிறது. கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரரின் வருமானமோ காய்ப்பையும் விலையையும் பொறுத்து ஆண்டுக்காண்டு மாறுவது, கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து மதிப்பிடுவது. விவசாயிமீது நான் குறை கூறவில்லை. ஆதிதிராவிட மாணவர் உதவித்தொகைக்கு 2013இல் வகுத்த இவ்வரம்பு, விலைவாசியும் கூலியும் இத்தனை ஏறிய பின்னும் அசையாமல் நிற்பதும், சிறிது தாண்டியவர்க்குச் சிறிது குறைத்துக் கொடுக்கும் ஏற்பாடு இல்லாததுமே குறை. வருமானத்தைக் குறைத்து எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்வோரை நம்பலாகாது. பொய்த் தகவல் வெளிப்பட்டால் பெற்ற தொகையைத் திருப்பிக் கட்ட நேரிடும்.

எல்லைப்புறத்துக்கே உரிய நம்பிக்கை மற்றொன்று உண்டு. அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூர். கலந்தாய்வுக்குக் காத்திராமல் அங்கேயே ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டாலும் நம்மூர்ச் சலுகை கூடவே வரும் என்று பலர் எண்ணுகின்றனர். முதல் தலைமுறைச் சலுகை தமிழ்நாட்டுக் கலந்தாய்வோடு பிணைந்தது. எல்லையைத் தாண்டியவர்க்கு அது கிடையாது. இங்கேயே நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்க்கும் கிடையாது.

இனி, படித்துக்கொண்டே சம்பாதிப்பது. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த ஏற்பாட்டின்படி, குடும்ப வருமானத்தைக் கணக்கிட்டுத் தேவையுள்ள மாணவனுக்குக் கல்லூரி நூலகத்திலோ ஆய்வுக்கூடத்திலோ மணிக்கணக்கில் வேலை தருகிறார்கள். அக்கூலியில் ஒரு பங்கை மத்திய அரசாங்கம் ஏற்கிறது. நம் நாட்டிலும் புணே முதலிய இடங்களில், கர்மவீர் பாவுராவ் பாட்டீலின் பெயரால், உழைத்துக் கற்கும் திட்டம் நடந்துவருகிறது. ஆதலால் நம் கல்லூரிகளிலும் ஏழைப் பிள்ளைக்கு இப்படியொரு வேலை காத்திருக்கும் என்று நம்பி வருகிறவர்கள் பெரும்பாலும் ஏமாற்றமே அடைகிறார்கள். கல்லூரிக்குள் வேலை இல்லாமையால், தகப்பனாரின் சம்பளம் போதாத பையன் வெளியே போகிறான்: கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுகிறான், பைக்கில் உணவுப் பொட்டலம் கொண்டு கொடுக்கிறான், சிலபோது கான்ட்ராக்டில் இரவு ஷிப்டுக்கும் நிற்கிறான். காலையில் வகுப்பில் உறங்குகிறான் அல்லது வருவதே இல்லை. வருகை 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வு எழுத முடியாது. அவனைச் சோம்பேறி என்று ஆசிரியர் கடிந்துகொள்ளும்பொழுது, அவனுடைய முந்தின இரவு எங்கே கழிந்தது என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

படிப்பு முடிந்தபின் 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் உதவித்தொகையுடன் ஆலையில் பயிற்சி பெறலாம். அதற்கும் தகப்பனாரின் வருமானம் ஒரு பொருட்டன்று. ஆனால் படிக்கிற காலத்துப் பசிக்கு அது விடையாகாது. கிருஷ்ணகிரியிலும் பர்கூரிலும் ஓசூரிலும் உள்ள கல்லூரிகள், தத்தம் நூலகத்தை இரவு எட்டு மணிவரை திறந்துவைத்து, புத்தகம் எடுத்துக் கொடுக்கவும் அடுக்கிவைக்கவும் நான்கு மாணவர்களை மணிக்கூலிக்கு அமர்த்திக்கொள்ளலாம். அந்த நால்வரைத் தேர்ந்தெடுக்கையில், வருமானச் சான்றிதழில் 2,58,000 என்று எழுதியிருக்கும் வீட்டுப் பெண்ணையும் அழைத்து விசாரிக்க வேண்டும்.