இருபுறமும் திறக்கும் சன்னல்

சென்ற ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு நாள், காலை இடைவேளை மணி அடித்த சற்று நேரத்தில், 3-ஆம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தாழ்வாரத்தில் ஓடி வந்தாள். எங்கள் வகுப்பறைச் சன்னலின் கதவு வெளிப்புறமாகத் திறந்து தாழ்வாரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழ்முனை அவள் நெற்றியில் பட்டுவிட்டது. இரண்டு தையல் போட வேண்டியதாயிற்று. அந்தக் கதவைக் காலையில் திறந்து வைத்தவர்கள் நாங்களே. அன்று முழுவதும் எங்களுக்குப் பாடம் ஏறவில்லை.

மறுநாள் முதல் கீழ்த்தளச் சன்னல்கள் யாவும் மூடப்பட்டன. 52 பேர் அமரும் அறையில் மின்விசிறி புழுக்கத்தையே சுற்றிச் சுற்றி எங்களுக்குப் பரிமாறியது. மூன்றாம் நாள் கணித வகுப்பில் எங்களுள் ஒருத்தி எழுந்தாள். "சிஸ்டர், ஒரே சன்னல் உள்ளேயும் வெளியேயும் திறக்கும்படி செய்தால் என்ன? பாடவேளையில் வெளியே தள்ளிவிடலாம். இடைவேளையில் உள்ளே இழுத்துக்கொள்ளலாம்" என்றாள். வகுப்பு சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "வரைந்து கொண்டு வாருங்கள், பார்ப்போம்" என்றார்கள். எங்களில் ஆறு பேர் அந்த வேலையை ஏற்றுக்கொண்டோம்.

முதலில் சன்னலை உற்றுப் பார்த்தோம். இத்தனை ஆண்டுகள் அதன் அருகில் உட்கார்ந்தும் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சுவரில் பதிந்த மரச்சட்டத்தின் உள்விளிம்பில், சுற்றிலும் ஒரு படி செதுக்கப்பட்டிருக்கிறது. கதவு மூடும்போது அந்தப் படியில் வந்து அமர்கிறது. படி இருப்பதால்தான் கதவு ஓரளவுக்கு மேல் உள்ளே போகாமல் நிற்கிறது. இடுக்கு வழியே வெளிச்சமும் காற்றும் நேராக நுழையாமல் தடைபடுகின்றன. எங்கள் சன்னலில் படி கதவுக்கு உட்புறம் இருக்கிறது. ஆகவே கதவு வெளியே மட்டும் திறக்கும். படியைக் கதவின் வெளிப்புறத்தில் வைத்துச் செதுக்கியிருந்தால் உள்ளே மட்டும் திறக்கும். இருபுறமும் திறக்க வேண்டுமானால் படியே இருக்கக் கூடாது.

படி இல்லாவிட்டால் என்ன? மழைக்காலத்தை நினைத்துப் பார்த்தால் போதும். வெளியே திறக்கும் கதவைக் காற்று அடித்தால், அது படியின்மேல் மேலும் இறுக அழுந்துகிறது. காற்று கூடக் கூட இடுக்கு குறைகிறது. உள்ளே திறக்கும் கதவை அதே காற்று படியிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. தாழ்ப்பாள் ஒன்றே அதைப் பிடித்து நிற்க வேண்டும். சாரல் மழை மிகுந்த இங்கிலாந்தில் சன்னல் கதவுகள் பெரும்பாலும் வெளிப்புறமாகத் திறப்பதற்கு இது ஒரு காரணம் எனலாம். பிரான்சிலும் செர்மனியிலும் உள்ளே திறப்பதே வழக்கம். அங்கே கண்ணாடிக் கதவுக்கு வெளியில் மரத்தாலான மறைப்புக் கதவு ஒன்றும் உண்டு. உள்ளே நின்றபடியே கண்ணாடியின் இருபுறத்தையும் துடைத்துவிடலாம். வியன்னா நகரத்தின் பழைய வீடுகளிலோ ஒரே சன்னலுக்கு இரண்டு வரிசைக் கதவுகள். அவற்றுள் பழைய வகையில் வெளிவரிசை வெளியே திறக்கும். உள்வரிசை உள்ளே திறக்கும். நடுவில் அடைபட்ட காற்று குளிரைத் தடுக்கிறது. இருபுறமும் திறக்கும் சன்னல் என்று இதையும் சொல்லலாம். ஆனால் மரமும் கூலியும் இரு மடங்கு.

நாங்கள் வரைய முற்பட்டது ஒற்றை வரிசைக் கதவு. அதற்குக் கீல் எங்கே இருக்க வேண்டும் என்பதே முதற்கேள்வி. சாதாரணக் கீலில் இரண்டு தகடுகளும் அவற்றைச் சேர்க்கும் ஓர் ஊசியும் உண்டு. அந்த ஊசிதான் கதவு திரும்பும் அச்சு. அது கதவின் ஒரு முகத்தோடு ஒட்டி நிற்பதால், கதவு அந்த முகத்தின் பக்கமாகவே திரும்பும். எதிர்ப்பக்கம் தள்ளினால் கதவின் ஓரம் சட்டத்தில் முட்டும். அச்சைக் கதவுக் கனத்தின் சரிபாதியில் வைத்தால் இருபுறமும் ஒன்றாகிவிடும் என்று கண்டோம்.

பெரிய கண்டுபிடிப்பு என்று மகிழ்ந்து, விடுதி மேசைகளைச் செப்பனிட வந்திருந்த ஆசாரி தாத்தாவிடம் படத்தைக் காட்டினோம். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "இது குடுமிதானே, பாப்பா" என்றார். பழைய கோயில் கதவுகளுக்கும் பெரிய வீட்டுக் கதவுகளுக்கும் கீல் கிடையாது. கதவின் ஓரத்தில் மேலும் கீழும் மரத்திலேயே ஒரு முளை விட்டிருப்பார்கள். அதற்குக் குடுமி என்று பெயர். மேற்குடுமி நிலையின் துளையிலும், கீழ்க்குடுமி கல்லில் குடைந்த குழியிலும் சுழலும். பாரம் முழுவதும் கல்லின்மேல் இறங்கிவிடுவதால் எத்தனை கனமான கதவும் தொய்வதில்லை. எங்கள் அச்சும் அந்தக் குடுமியும் ஒன்றே. நாங்கள் கொஞ்சம் சுருங்கிப்போனோம் என்பது உண்மை.

அடுத்து, கதவின் வெளியோரத்துக்கும் சட்டத்துக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? இங்கே பிதாகரஸ் தேற்றம் கைகொடுத்தது. எங்கள் கதவில் அச்சிலிருந்து வெளியோரம் வரை 45 செ.மீ.; கனம் 3 செ.மீ. அச்சு ஒரு முகத்தில் இருந்தால், எதிர்முகத்தின் மூலை அச்சிலிருந்து உள்ள தூரம் 45-இன் வர்க்கத்தையும் 3-இன் வர்க்கத்தையும் கூட்டி, அதாவது 2034-க்கு வர்க்கமூலம் கண்டால் கிடைக்கும்: ஏறத்தாழ 45.1 செ.மீ. ஆகவே 1 மி.மீ. இடைவெளி வேண்டும். அச்சு நடுவில் இருந்தால் 3-க்குப் பதில் 1.5. அப்போது வேண்டிய இடைவெளி கால் மி.மீ. மட்டுமே! தேர்வுத்தாளுக்கு வெளியே ஒரு தேற்றம் வேலை செய்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தோம். ஆனால் தாத்தா, "கணக்கு சரிதான். மழையில மரம் ஊதுமே, அதுக்கு எந்தக் கணக்கு?" என்று கேட்டார். கால் மி.மீ. விட்டுச் செய்த கதவு ஐப்பசியில் அசையாது என்றும், 3 மி.மீ. ஆவது வேண்டும் என்றும் சொன்னார். படியும் இல்லை, மேலும் 3 மி.மீ. இடுக்கு என்றால், சாரலுக்கு நாமே வழி திறந்துவிட்டது போலத்தான்.

இரண்டு அச்சு உள்ள கீலையும் ஆராய்ந்தோம். மருத்துவர் அறை வாசலில் இருபுறமும் ஆடும் அரைக்கதவை நாம் யாவரும் தள்ளிக்கொண்டு போயிருக்கிறோம். அதன் கீலில் கதவின் ஒரு முகத்தில் ஓர் ஊசியும் மறுமுகத்தில் ஓர் ஊசியும் உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் ஓர் ஊசியிலும், மறுபக்கம் தள்ளினால் மற்றொன்றிலும் கதவு திரும்பும். உள்ளிருக்கும் சுருள்வில் அதை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். வாசலுக்கு அது நல்லது. சன்னலோ திறந்தால் திறந்தபடி நிற்க வேண்டுமல்லவா? வில் இல்லாத இத்தகைய கீலைச் செய்து பார்க்க ஓர் எளிய வழி உண்டு. இரண்டு அட்டைகளை ஓரம் சேர வைத்து, ஒரு துணிநாடாவை முதல் அட்டையின் முன்புறத்தில் ஒட்டி, இடுக்கு வழியே நுழைத்து, இரண்டாம் அட்டையின் பின்புறத்தில் ஒட்டுங்கள். அடுத்த நாடாவை முதல் அட்டையின் பின்புறத்திலிருந்து இரண்டாம் அட்டையின் முன்புறத்துக்குக் கொண்டு வாருங்கள். இப்படி மாற்றி மாற்றி நான்கு நாடாக்கள் போதும். அட்டைகள் இருபுறமும் மடங்கும். சப்பானியரின் பியோபு என்னும் மடக்குத் திரைகள் இம்முறையில்தான் காகிதக் கீல்களால் இணைக்கப்படுகின்றன. எங்கள் ஆறு பேர் வீட்டிலும் இந்த அட்டைகள் இன்றும் கிடக்கின்றன.

இவ்வளவும் தீர்ந்தபின் எங்களைத் தடுத்தவை கம்பிகள். சட்டத்தின் நடுவே வரிசையாக நிற்கும் இரும்புக் கம்பிகளைக் கடந்து எந்தக் கதவும் மறுபுறம் போக முடியாது. நம் ஊர்ச் சன்னல் எதுவும் இருபுறமும் திறப்பதில்லை என்பதற்கு, படியைவிடக் கம்பியே பெரிய காரணம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. "கம்பியை எடுத்துவிட்டால்?" என்று கேட்டோம். சிஸ்டர், திருத்தூதர் பணிகள் 20-ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டு வரச் சொன்னார்கள். துரோவா நகரில் பவுல் அடிகளார் நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருந்தபோது, சன்னலில் உட்கார்ந்து உறங்கிவிட்ட இளைஞர் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த நிகழ்ச்சி அங்கே வருகிறது. அவருக்கு உயிர் திரும்பியது. கம்பி பற்றிய பேச்சு அத்துடன் நின்றது.

சோர்ந்து நாற்காலியில் சாய்ந்தபோதுதான், சுவரின் உச்சியில் இருக்கும் வென்டிலேட்டர் கண்ணில் பட்டது. கயிற்றை இழுத்தால் அதன் மேற்பாதி அறைக்குள் சாய்கிறது. அதே நொடியில் கீழ்ப்பாதி வெளியே போகிறது. இருபுறமும் திறக்கும் சன்னல் எங்கள் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது! ஏணி வைத்துப் பார்த்தோம். அச்சு கதவின் ஓரத்தில் இல்லாமல் நடுவில் படுத்திருக்கிறது. படி நீக்கப்படவும் இல்லை. மேற்பாதிக்கு வெளிப்புறத்திலும் கீழ்ப்பாதிக்கு உட்புறத்திலுமாக, அச்சின் இடத்தில் படி பக்கம் மாறுகிறது. கண்ணாடி வெளிநோக்கிச் சரிந்திருப்பதால் மழைநீரும் வெளியே வழிந்துவிடும். டென்மார்க்கின் பொறியாளர் வில்லும் கான் ரஸ்முசென் 1941-இல் தொடங்கிய வெலக்ஸ் நிறுவனத்தின் கூரைச் சன்னல்களிலும் இத்தகைய நடு அச்சு உண்டு. முழுக்கத் திருப்பினால் வெளிமுகம் உள்ளே வந்துவிடும், துடைக்க எளிது. வென்டிலேட்டரை வடிவமைத்தவர் யாரோ, எங்கள் வணக்கம் அவருக்கு உரியது. ஆயினும் அதுவும் இருபுறமும் பாதிப் பாதி நீட்டிக்கொண்டுதான் நிற்கும். தலைக்கு மேலே இருப்பதால் எவரையும் இடிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் படத்தின் குறை விளங்கியது. அச்சு சட்டத்தின் நடுவில் புதைந்திருந்தால், கதவு எந்தப் பக்கமும் சுமார் 90 பாகையே திரும்பும். அதற்குமேல் சட்டம் தடுக்கும். வெளியே திறந்தால் தாழ்வாரத்தில் நீட்டும். உள்ளே திறந்தால், சட்டம் சுவரின் வெளியோரத்தை ஒட்டி இருப்பதால், 45 செ.மீ. கதவில் ஒரு பகுதி 23 செ.மீ. சுவர்க் கனத்துக்குள் மறையும்; மீதிப் பகுதி, சுவரோரத்தில் உட்கார்ந்திருப்பவளின் தலைக்கு நேரே நிற்கும். ஒரு பக்கம் இருந்த மூலையை இரண்டு பக்கமும் ஆக்கியிருக்கிறோம்! நாங்கள் தேடியது இருபுறம் திறக்கும் கதவையா, எவர் தலையிலும் இடிக்காத கதவையா?

"அதுக்கு பார்லிமெண்ட் கீல் போடணும்" என்றார் தாத்தா, நாங்கள் முன்பே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்டபோது. விரித்து வைத்தால் ஆங்கில எழுத்து 'எச்' போலத் தோன்றும் கீல் அது. அதன் ஊசி கதவின் முகத்தைவிட்டு வெளியே தள்ளி நிற்கிறது. அதனால் கதவு 180 பாகை திரும்பி, வெளிச்சுவரோடு சுவராக ஒட்டிப் படுத்துவிடும். ஊசி எவ்வளவு வெளியே இருக்க வேண்டும் என்று கேட்டதற்கு, "கதவு எவ்வளவு உள்ளடங்கி இருக்கோ அதுல பாதி, அதோட கொஞ்சம்" என்றார். இதை நாங்கள் வரைந்து மெய்ப்பித்தோம். அரைவட்டம் திரும்பும்போது, அச்சுக்குப் பின்னால் எத்தனை தூரத்தில் கதவின் முகம் இருந்ததோ, அத்தனை தூரம் முன்னால் வந்துவிடுகிறது. எங்கள் கதவின் முகம் சுவர்ப்பரப்பிலிருந்து 5 செ.மீ. உள்ளடங்கியது. ஊசியை முகத்திலிருந்து 3 செ.மீ. வெளியே வைத்தால், திறந்த கதவு சுவரிலிருந்து 1 செ.மீ. விலகி நிற்கும். கைவிரலுக்கும் கொக்கிக்கும் அந்த இடம் போதும். படியும் அப்படியே இருக்கும். கம்பியும் அப்படியே இருக்கும்.

வரைபடத்தைச் சிஸ்டரிடம் கொடுத்தோம். தலைப்பில் 'இருபுறமும்' என்ற சொல்லை அவர்கள் அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார்கள். காலாண்டு விடுமுறையில் கீழ்த்தளத்தின் 14 சன்னல்களுக்கும், சன்னலுக்கு நான்காக, 56 கீல்கள் மாற்றப்பட்டன. காற்றில் கதவு திரும்பி அடிக்காதபடி ஒவ்வொன்றுக்கும் சுவரில் கொக்கி அடித்தார்கள். இப்போது தாழ்வாரத்தில் நடந்தால் கதவுகள் சுவரில் மாட்டிய படங்களைப் போலத் தெரிகின்றன. நெற்றியில் தழும்புள்ள அச்சிறுமி ஒவ்வொரு கொக்கியையும் தட்டிப் பார்த்துக்கொண்டு போகிறாள். கொக்கிகள் அவளுக்காகவே வந்தவை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு சன்னல் மட்டும் இன்னும் சரியாகவில்லை. நூலகத்தின் கடைசிச் சன்னலை ஒட்டி மொட்டைமாடி நீர் இறங்கும் குழாய் இருப்பதால், அதன் இடக்கதவு முழுவதும் மடங்காமல் பாதியில் நிற்கிறது. குழாயை நகர்த்தும் வரையில் அந்த மூலையில் சிவப்புத் துணி சுற்றி வைத்திருக்கிறோம். இடைவேளை மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாக அதைச் சாத்துவது எங்கள் வகுப்பின் முறை. யார் எந்த நாள் என்ற பட்டியல் கரும்பலகையின் ஓரத்தில் இருக்கிறது.