கருவில் வளரும் உயிரோடு உறவு



குழந்தை பிறந்த பின்னரே தாய்க்கும் சேய்க்கும் உறவு தொடங்குவதாகப் பலர் எண்ணுகின்றனர். ஆகம நோக்கில் அவ்வெண்ணம் பொருந்தாது. தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் பிறப்பினைச் சம்மூர்ச்சனம், கர்ப்பம், உபபாதம் என மூவகையாகப் பகுக்கிறது. மானிடப் பிறப்பு கர்ப்பப் பிறப்பாகும். கருவில் வந்து தங்கும் உயிர் அநாதியானது. தன் வினைகளைத் தானே உடன்கொண்டு வருவது. பெற்றோர் அதற்கு உடல் எடுக்க இடம் அளிக்கின்றனரே அன்றி, உயிரைப் படைப்பதில்லை. ஆகவே கருவில் இருப்பது நமது உடைமை அன்று. நம் இல்லம் நாடி வந்த விருந்து. இவ்வுணர்வே அதனோடு கொள்ளும் உறவுக்கு அடிப்படை.

நான்கு கிரியைகள்

கி.பி. 9-ஆம் நூற்றாண்டினரான ஜினசேனாசாரியர் தம் ஆதிபுராணத்தில், கருவுறுதல் முதல் வீடுபேறு ஈறாக 53 கர்ப்பான்வயக் கிரியைகளை விளக்குகிறார். அவற்றுள் ஆதானத்தின் பின், பிறப்பிற்கு முன் அமைந்தவை நான்கு. மூன்றாம் மாதத்தில் பிரீதி, ஐந்தாம் மாதத்தில் சுப்ரீதி, ஏழாம் மாதத்தில் திருதி, ஒன்பதாம் மாதத்தில் மோதம். அன்பு, பேரன்பு, மனவுறுதி, மகிழ்ச்சி என்பன இப்பெயர்களின் பொருள். நான்குமே உள்ளத்தின் நிலைகள் என்பது கருதத்தக்கது.

மூன்றாம் மாதத்தில் குழந்தையின் அசைவைத் தாய் உணர்வதில்லை. மசக்கையும் சோர்வுமே மிகுதி. காணாத உயிரிடத்து அப்போதே அன்பு செலுத்தப் பழகுக என்கிறது பிரீதி. முதன்முறை கருவுற்றவர் பெரும்பாலும் 18 முதல் 20 வாரங்களில் அசைவை உணர்வர். அது சுப்ரீதியின் காலம். ஏழாம் மாதத்திலோ சேய் ஒலிகளைக் கேட்கிறது. பிறந்து மூன்று நாட்களே ஆன சிசுக்களும் பிற பெண்களின் குரலைவிடத் தாயின் குரலையே விரும்புவதை 1980-இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். கருவுற்ற இறுதி ஆறு வாரங்கள் தாய் நாள்தோறும் உரக்கப் படித்த கதையைச் சேய் பிறந்தபின் இனங்கண்டதை 1986-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

எனவே தாய் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை வாய்விட்டு ஓதுவதும், தீர்த்தங்கரர் சரிதங்களைப் படிப்பதும் பயனுடையன. சேய் பொருளை அறியாது, குரலை அறியும். தந்தையும் அருகமர்ந்து படிக்கலாம். இல்லத்தில் கடுஞ்சொல் தவிர்ப்பதும் இக்காலத்தில் ஓர் அகிம்சையே.

தாயின் மீது பழி வேண்டா

“நீ கலங்கினால் குழந்தை கெட்டுவிடும்” எனக் கருவுற்றவரை அச்சுறுத்துவோர் உளர். சீவக சிந்தாமணியின் விசயையை எண்ணுக. கட்டியங்காரனின் சூழ்ச்சியால் நாடிழந்து, மயிற்பொறி ஏறித் தப்பி, கணவனையும் இழந்து, சுடுகாட்டில் மகனை ஈன்றாள். அவள் கண்ட துயரினும் பெரிது எது? எனினும் அம்மகன் சீவகன் மாண்புற வளர்ந்து, இறுதியில் துறவேற்று வீடு பெற்றான். துயருற்ற தாய்க்கு வேண்டுவது ஆறுதல். தேவையெனின் மருத்துவ உதவி. கரு தங்காது போயினும் தாயைப் பழித்தல் தகாது. அவ்வுயிரின் ஆயுள்வினை அத்துணையே.

நோன்பும் உணவும்

தசலட்சண பர்வ நாட்களில் கருவுற்ற சகோதரியர் சிலர் உபவாசம் மேற்கொள்ள விழைவர். சோடசகாரண பாவனைகளுள் ஒன்று “சக்திதஸ் தபம்”, அதாவது ஆற்றலுக்கேற்ற தவம். தன் உடலால் மற்றோர் உயிரையும் தாங்குபவளின் ஆற்றல் பிறரது போன்றதன்று. அவர் உண்பது தவக்குறை ஆகாது. புலால் நீக்கிய உணவில் பால், தயிர் தவிரப் பிறவற்றில் பி12 சத்து அரிது. ஆதலின் மருத்துவர் தரும் சத்து மாத்திரைகளை விடாது கொள்க.

ஆணோ, பெண்ணோ?

கருவின் பால் அறிந்து கூறுவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. ஆண், பெண் என்பன வினைப்பயனால் அமைவன. தூய உயிருக்கு அவ்வேறுபாடு இல்லை. எவ்வுடலில் வரினும் ஏற்போம் எனப் பெற்றோர் உறுதி கொள்வதே திருதி. அவ்வுறுதி உள்ள இல்லத்தில் ஒன்பதாம் மாதத்து மோதம் தானே மலரும்.

வாழ்க ஜினதர்மம்!