வலிக்காத தேமல்

முழங்கையை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டிருக்கிறீர்களா? சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல 'விர்'ரென்று இருக்கும். அங்கே தோலுக்குச் சற்று அடியில் ஓடும் நரம்புதான் காரணம். தொழுநோய்க் கிருமி தாக்கும் நரம்புகளுள் அதுவும் ஒன்று. 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த இக்கிருமிக்கு உடலின் குளிர்ந்த பகுதிகளே பிடிக்கும். ஆகவே தோலிலும், தோலை ஒட்டிய நரம்புகளிலும் குடியேறுகிறது. அது பெருகுவது மிக மெதுவாக. அறிகுறி தோன்றச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும்; சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகலாம்.

முதலில் தெரிவது பெரும்பாலும் ஒரு தேமல். சுற்றியுள்ள தோலைவிட வெளிறியோ சற்றுச் சிவந்தோ இருக்கும். அரிக்காது, வலிக்காது. அதனால்தான் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை! படர்தாமரை என்றால் அரிக்கும். சாதாரணத் தேமலிலும், சுண்ணாம்பாய் வெளுக்கும் வெண்புள்ளியிலும் தொடு உணர்ச்சி குறையாது. (வெண்புள்ளியை 'வெண்குஷ்டம்' என்று சொல்லி அஞ்சுகிறார்களே, அதற்கும் தொழுநோய்க்கும் சம்பந்தமே இல்லை.) தொழுநோய்த் தேமலிலோ உணர்ச்சி மங்கியிருக்கும்.

இதைச் சோதிக்கப் பஞ்சுத்திரி போதும், ஊசி வேண்டாம். முதலில் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நல்ல தோலில் தொட்டுக் காட்டுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லித் தேமலையும் நல்ல தோலையும் மாற்றி மாற்றித் தொடுங்கள். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்டவேண்டும். தேமலைத் தொடும்போது மட்டும் விரல் அசையவில்லையா? மருத்துவரிடம் காட்டவேண்டும். முகத்தில் மட்டும் இச்சோதனை ஏமாற்றிவிடக்கூடும்.

எல்லாருக்கும் இப்படித் தேமல் தெரிவதில்லை. சிலருக்குத் தோல் எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கும், காதுமடல் தடிக்கும், புருவம் உதிரும். சட்டைப் பொத்தான் போட விரல் வளையாது. செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பவர்களும் உண்டு.

விரல்களைக் கிருமி தின்றுவிடுகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அது தவறு என்று காட்டினார். சூடான பாத்திரத்தைப் பிடித்தால் நாம் 'ஆ' என்று விட்டுவிடுகிறோம். உணர்ச்சியற்ற கை விடுவதில்லை. சூட்டுக் காயம் புண்ணாகும். அந்தப் புண்ணிலேயே மறுபடியும் அடிபடும். விரல் குறுகிப்போவது இப்படித்தான்.

1980-களில் பழக்கத்துக்கு வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை இந்நோயைக் குணமாக்குகிறது. நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதம் மாத்திரை சாப்பிடவேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். தொடங்கிய சிறிது நாளிலேயே பிறருக்குப் பரவுவது நின்றுவிடும். ஆனால் நெடுநாள் பழுதுபட்ட நரம்பை மாத்திரையால் மீட்க முடியாது. இந்தியாவில் 2023-இல் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டது. அவர்களுள் உங்கள் வயதுச் சிறுவர் சிறுமியரும் இருந்தனர்.